கனரக லைசன்ஸ் போனால் எல்லாம் போச்சா?

கேள்வி: எனக்கு வயது 53. கொடிகாமம். வாலிப வயதிலிருந்தே லொறிதான். இப்போதைய முதலாளியிடம் 18 வருடம். சுன்னாகம் சந்தையிலிருந்து வெங்காயமும் மரக்கறியும் ஏற்றி தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இரவில் ஓடுகிறேன். கனரக லைசன்ஸ் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. புதுப்பிக்க முன்கூட்டியே மெடிக்கலுக்குப் போனேன். வலது கண்ணில் புரை, சீனியும் (நீரிழிவு) கூட, கனரகத்துக்கு இப்போது தர ஏலாது, இலகுரகத்துக்குத் தரலாம் என்று விட்டார்கள். கொஞ்ச நாளாக எதிரே வரும் வாகன லைற் பூப்போல விரிவது எனக்கும் தெரியும். என் லைசன்ஸ் முழுதாக வெட்டுப்படுமா? திகதி முடியும் வரைக்கும் ஓடலாமா? முதலாளியிடம் பட்டா, கன்ரர் லொறி, ஹயஸ் வான் எல்லாம் நிற்கிறது, எதை ஓடலாம்? காசு கொடுத்தால் மெடிக்கல் எடுத்துத் தரலாம் என்று ரவுணில் ஒருவர் சொல்கிறார். முதலாளியோ “லொறி ஓட ஏலாதென்றால் வீட்டை போ, சேவைக்காசு ஒன்றும் கிடையாது” என்கிறார். ரொறன்ரோவில் ட்ரக் ஓடும் மகன், அங்கே இதெல்லாம் சாதாரண விசயம், லைசன்ஸ் வகுப்பை இறக்கினால் பிறகு ஏற்றலாம் என்கிறான். எனக்கு இரவில் நித்திரை இல்லை. (பெயர் வேண்டாம்)

பதில்: அண்ணை, முதலில் நித்திரை கொள்ளுங்கள். உங்கள் லைசன்ஸ் முழுதாக வெட்டுப்படாது. கண்ணையும் சீனியையும் காரணம் காட்டி உங்களுக்கு மறுக்கப்பட்டிருப்பது கனரக வகுப்புகள் மட்டும். இலகுரகத்துக்குத் தரலாம் என்று மருத்துவரே சொல்லியிருக்கிறார். அந்தச் சான்றிதழை வைத்து இலகுரக வகுப்புகளைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கனரகம் என்றைக்குமே இல்லை என்ற முடிவும் இன்னும் வரவில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவை விளங்கும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2009இல் ஒரு திருத்தம் வந்தது. இன்றைக்கு உங்கள் அட்டையில் இருக்கிற ஏ1, பி, சி1, டி1 போன்ற எழுத்துகள் அந்தத் திருத்தத்தோடு வந்தவை. லைசன்ஸ் என்பது ஒரே ஒரு அனுமதி இல்லை, பல அனுமதிகள் சேர்ந்த அட்டை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி அனுமதி. இலகுரக வகுப்புகளுக்கு எட்டு வருடம், கனரகத்துக்கு நான்கு வருடம். பாரமான வாகனம் ஓடுகிறவரின் உடம்பை இரண்டு மடங்கு அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதால்தான் அந்த வித்தியாசம். ஒரு வகுப்பு போனால் மற்ற வகுப்பு தானாகப் போகாது.

அட்டையைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். எழுத்துகள் ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசையாக இருக்கும். உங்களுக்கு அனுமதி உள்ள எழுத்துக்கு நேரே தொடங்கிய திகதியும் முடியும் திகதியும் இருக்கும். திகதி இல்லாத வரி உங்களுடையது இல்லை. எங்கள் ஆட்கள் பலர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதே கிடையாது. முன்பக்கத்துப் படத்தையும் பெயரையும் பொலிஸாரிடம் நீட்டுவதோடு சரி. எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் அட்டையில் எந்தெந்த வரிகளுக்குத் திகதி இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கப் போகும்போது அந்தத் துண்டு தேவைப்படும். இலகுரகத்தில் உங்களுக்கு ஏற்கனவே இருந்த வகுப்பு ஒன்று புது அட்டையில் விடுபட்டால் அந்த இடத்திலேயே கேட்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால் திரும்ப அலைச்சல்.

இனி நான்கு மாதக் கதைக்கு வருகிறேன். திகதி இருக்கிறதுதானே, அதுவரை ஓடலாம் என்று முதலாளி சொல்லக்கூடும். வேண்டாம். இந்தக் கிழமையே லொறியை விட்டு இறங்குங்கள். அட்டையில் திகதி இருப்பது உண்மை. வீதியில் மறிக்கும் பொலிஸார் அந்தத் திகதியைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம். ஆனால் நீதிமன்றம் அந்தத் திகதியோடு நிற்காது. உங்கள் கண்ணைப் பரிசோதித்து, கனரகம் ஓடத் தகுதியில்லை என்று தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம் சொன்னதற்குப் பதிவு இருக்கிறது. உங்களுக்கும் அது தெரியும், லைற் விரிவதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது புரையின் குணம். மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் இரவில் மாடுகள் வீதியில் படுத்திருப்பதை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு வருகிறது, அந்தப் பூவுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் போகிறது. பத்துப் பன்னிரண்டு தொன்னோடு போகிற லொறி நீங்கள் பிரேக்கை மிதித்தவுடனே நிற்காது.

அப்படி ஒரு உயிர் போனால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல். ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். இப்படியான வழக்குகளில் சாரதிக்காக நான் பேச எழும்பும்போது என்னிடம் இருக்கும் பெரிய வாதம் ‘இவருக்கு முன்கூட்டியே தெரியாது’ என்பதுதான். உங்கள் விசயத்தில் அந்த வாதம் இல்லை. முறைப்பாட்டுத் தரப்பு மருத்துவ நிறுவகத்தின் பதிவைக் கேட்டெடுத்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இராது. சட்டத்தை விடுங்கள், செத்த பிள்ளையின் தாய் நீதிமன்ற விறாந்தையில் நிற்பாள், அவளைக் கடந்துதான் நீங்கள் உள்ளே போகவேண்டும். உங்களைப் போல ஒழுங்காகப் போய் மெடிக்கல் எடுத்த மனிசனை நான் அந்த இடத்தில் பார்க்க விரும்பவில்லை.

அந்த ரவுண் ஆள் சொல்கிற மெடிக்கலுக்கும் இதே பதில்தான், இன்னும் கடுமையாக. பொய்ச் சான்றிதழ் செய்வதும் அதை மெய்யானது என்று சமர்ப்பிப்பதும் தனித்தனிக் குற்றங்கள். பிடிபட்டால் விற்றவர் ஆளை மாற்றிக்கொண்டு போய்விடுவார். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. அதோடு, காசு கொடுத்து வாங்குகிற கடதாசி உங்கள் புரையை எடுத்துவிடாது. அவருக்குக் கொடுக்க நினைத்த காசைப் பத்திரமாக வைத்திருங்கள், கண் வைத்தியத்துக்குப் போய்வருகிற நாட்களில் வீட்டுச் செலவுக்கு உதவும்.

ஏனென்றால் புரை என்பது எடுக்கக்கூடிய ஒன்று. இதை நீங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்களை நிறுத்திய இரண்டு காரணங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. புரைக்குச் சத்திரசிகிச்சை உண்டு. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கிறார்கள். யாழ் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவிலேயே செய்கிறார்கள். முதலில் அங்கே கிளினிக்குக்குப் போய்ப் பெயரைப் பதியுங்கள். “நான் லொறிச் சாரதி, என் தொழில் இந்தக் கண்ணில் நிற்கிறது” என்று மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். எங்கள் ஆண்கள் கிளினிக்கில் “ஓம் ஐயா, சரி ஐயா” என்பதோடு எழும்பி வந்துவிடுவார்கள். தொழிலைச் சொன்னால்தான் இரவுப் பார்வை, பக்கப் பார்வை, சீனியால் விழித்திரையில் ஏதும் பாதிப்பா என்றெல்லாம் அவர் குறிப்பாகப் பார்ப்பார். புரையை எடுத்த பிறகும் விழித்திரையில் கோளாறு இருந்தால் பார்வை முழுதாகத் திரும்பாது. அதனால் அதை முதலே அறிவது நல்லது.

சீனி வேறு கதை. அது போகாது, கட்டுப்பாட்டில் வைக்கலாம். சாரதிக்கு அதில் பெரிய ஆபத்து சீனி கூடுவதைவிடத் திடீரெனக் குறைவது. வியர்க்கும், கை நடுங்கும், யோசனை குழம்பும், சில நேரம் தனக்குக் குழம்புகிறது என்பதே தெரியாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைக் குளிசை எடுக்கிறவர்களுக்கும் இது வரலாம், எல்லாக் குளிசைக்கும் இல்லை. இரவில் சாப்பாடு பிந்துகிற தொழிலில் இருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். ஆகவே கிளினிக்கில் நேரடியாகக் கேளுங்கள்: என் மருந்து சீனியை அளவுக்கு மேல் குறைக்கக் கூடியதா? அதற்கான பதிலும், உங்கள் கிளினிக் கொப்பியில் உள்ள சில மாத அளவுகளும், கண் மருத்துவரின் கடிதமும் சேர்ந்தால், திரும்பவும் மெடிக்கலுக்குப் போகும்போது உங்கள் கையில் ஏதோ இருக்கும். சும்மா கையோடு போய் “இப்ப சுகம் டொக்டர்” என்றால் நடக்காது. முன்பு எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டதோ அந்தக் காரணம் எழுத்தில் உங்களிடம் இருக்கவேண்டும். இதுவரை கேட்காவிட்டால் மருத்துவ நிறுவகத்தின் யாழ் கிளைக்குப் போய்க் கேளுங்கள். நிபுணரின் அறிக்கை கிடைத்ததும் அதைக் கொண்டுபோய்க் காட்டி மறுபடி பார்க்கும்படி கேளுங்கள்.

இதற்கிடையில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். கண் சரியாகட்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பிப்போம் என்று இருந்துவிட்டால், இலகுரகத் திகதியும் கிட்டத்தில் இருந்தால் அதுவும் காலாவதியாகிவிடும். அப்போது மோட்டார் சைக்கிளில் சாவகச்சேரிக்குப் போகவே உங்களுக்கு அனுமதி இராது. இலகுரகத் திகதியைப் பாருங்கள். அது கிட்டத்தில் இருந்தால் இப்போது கிடைக்கிற இலகுரகச் சான்றிதழோடு யாழ் மாவட்டச் செயலகத்தில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் புதுப்பியுங்கள். தூரமாக இருந்தால் அவசரமில்லை. எந்த விண்ணப்பத்திலும் “கனரக வகுப்புகள் எனக்கு இனி வேண்டாம்” என்ற பொருளில் எதையும் வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம். விட்ட வகுப்பைப் புதிதாகச் சேர்ப்பதென்றால் மெடிக்கலோடு ட்ரையலும் வரும்.

சரி, முதலாளியின் முற்றத்தில் நிற்கிற வாகனங்கள். கூடுதலாக ஆட்கள் மாட்டுப்படுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இலகுரகத்தில் உங்களுக்கு முக்கியமான எழுத்து பி. அதற்கு இரண்டு எல்லை. வாகனமும் அது ஏற்றக்கூடிய பாரமும் சேர்ந்த மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஆசனம் சாரதியோடு சேர்த்து ஒன்பதுக்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் அது பி இல்லை. பெட்டி வெறுமையாகப் போகிறது, ஆகவே எடை குறைவு என்று சிலர் வாதாடுவார்கள். சட்டம் பார்ப்பது அன்றைக்கு ஏற்றியதை இல்லை, வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை. அந்த எண் வாகனப் புத்தகத்தில் இருக்கும். பார்த்துவிட்டுத் திறப்பை வாங்குங்கள்.

பட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். டாட்டா ஏஸ். மொத்த எடை சுமார் ஒன்றரைத் தொன். பி வகுப்புக்குள் வசதியாக நிற்கிறது. நீங்கள் தாராளமாக ஓடலாம். ஆனால் அது ஓட்டோவுக்கான பி1 வகுப்பில் அடங்காது. பி1 என்பது வெறும் எடை 500 கிலோவுக்கும் மொத்த எடை 1,000 கிலோவுக்கும் உட்பட்டது. ஓட்டோ லைசன்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு பட்டாவில் மரக்கறி ஏற்றுகிற பெடியள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

கன்ரரில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். “சின்ன லொறிதானே” என்ற பேச்சு இருக்கிறதே, சட்டத்தில் அதற்கு இடமில்லை. சந்தையில் பாரம் ஏற்றி ஓடுகிற கன்ரர்களின் மொத்த எடை பொதுவாக 3,500 கிலோவைத் தாண்டும். தாண்டினால் அது சி1. 3,500இலிருந்து 17,000 கிலோ வரை சி1, அதற்கு மேல் சி. இரண்டும் கனரகம். உங்கள் நிலைமையில் கன்ரரின் திறப்பைத் தொடவேண்டாம், முற்றத்துக்குள் திருப்பி விடுவதற்குக்கூட என்று முதலாளியிடம் முதலே சொல்லிவைத்துவிடுங்கள். முற்றத்தில் தொடங்கினால் பிறகு “சந்தை மட்டும் ஒருக்கா கொண்டுபோய் விடு” என்று வரும்.

ஹயஸ் இன்னும் சிக்கல். வான் என்றால் கார் லைசன்ஸ் போதும் என்றுதான் எங்கள் ஊரில் நினைப்பு. எடையில் அது பெரும்பாலும் 3,500 கிலோவுக்குள் வந்துவிடும், ஆனால் ஆசனத்தில் மாட்டும். பதினான்கு பேர் இருக்கிற ஹயஸ் டி1 வகுப்பு. ஒன்பதுக்கு மேல் 33 ஆசனம் வரை டி1, அதற்கு மேல் டி. ஆட்களை ஏற்றுகிற வகுப்பு என்பதால் அதற்கும் கனரக மெடிக்கல் வேண்டும். லொறி போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி வான் ஓடலாம் என்று ஒரு யோசனை உங்களுக்கு வந்திருந்தால், அந்த வான் எத்தனை ஆசனம் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. பின் சீற்றைக் கழற்றிவிட்டு எட்டாக்கினால் போதுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். போதாது. பதிவில் எத்தனை என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு. பதிவை முறைப்படி மாற்றாமல் சீற்றைக் கழற்றுவதால் வகுப்பு மாறாது.

இந்த ஹயஸ் விசயத்தில் நான் ஆஜரான ஒரு வழக்கைச் சொல்கிறேன். கலியாண வீட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போன சாரதி. நல்ல ஓட்டக்காரன், குடியில்லை, வேகமுமில்லை. சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து பக்கத்தில் மோதியது. பிழை பெரும்பாலும் மற்றவர் பக்கம். ஆனால் பொலிஸார் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள், டி1 வரி வெறுமையாக இருந்தது. அத்தோடு கதை மாறிவிட்டது. ‘யார் பிழை’ என்ற கேள்வி பின்னுக்குப் போய், ‘அனுமதியில்லாமல் ஓடியவர்’ என்ற சொல் முன்னுக்கு வந்தது. காப்புறுதி நிறுவனம் வானின் சேதத்துக்குக் காசு தர மறுத்தது. பாலிசியில், அந்த வகுப்பு வாகனம் ஓட அனுமதி உள்ளவர் ஓடும்போதுதான் பாதுகாப்பு என்று ஒரு வரி இருக்கிறது. அது எல்லாப் பாலிசியிலும் வழக்கமாக இருக்கும் வரி, சிறிய எழுத்தில். காயப்பட்டவருக்குக் கொடுக்க நேர்ந்ததையும் வான் சொந்தக்காரரிடமிருந்து அறவிடக் கேட்டார்கள். சொந்தக்காரர் சாரதியோடு சண்டை. இரண்டு குடும்பமும் சொந்தம் வேறு.

வகுப்பு இல்லாமல் ஓடுவது லைசன்ஸே இல்லாமல் ஓடுவது போலத்தான் நடத்தப்படும். அதற்கான தண்டம் இப்போது 25,000 ரூபாவில் தொடங்குகிறது. அப்படிப்பட்டவரைச் சாரதியாக வேலைக்கு வைப்பவருக்கும் அதே அளவு. உங்கள் முதலாளிக்கு இதைச் சொன்னால், கன்ரரை ஓடச் சொல்லுகிற வாய் கொஞ்சம் அடங்கும்.

உழவு இயந்திரமும் தனி வரிதான். லான்ட்மாஸ்டருக்கு ஜி1, நாலு சில்லு ட்ரக்டருக்கு ஜி. உங்கள் அட்டையில் அந்த வரிகளுக்குத் திகதி இருந்தால்தான் வீதியில் ஓடலாம். வயலுக்குத்தானே போகிறோம் என்றாலும் வயலுக்குப் போகும் வழி பொதுவீதி. அப்புறம் இன்னொன்று: ஊர்ச் சங்கத்தின் அமரர் ஊர்தியையோ நோயாளர் காவு வண்டியையோ ஓட ஆள் தேடுவார்கள், ஓய்ந்த லொறிச் சாரதியைத்தான் முதலில் கேட்பார்கள். அவை இரண்டும் சி1 வகுப்போடு சேர்க்கப்பட்டவை. புண்ணிய காரியம் என்று ஒப்புக்கொள்ள முன்னர் அதை நினைவில் வையுங்கள்.

இப்போது முதலாளியின் பேச்சுக்கு வருவோம். “சேவைக்காசு கிடையாது” என்று அவர் வாயால் சொன்னதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை (நீங்கள் சொல்கிற சேவைக்காசு) உரிமை. மாதச் சம்பளக்காரர் என்றால் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம், வருடத்துக்கு வருடம் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு மாதம் 60,000 என்றால் அரை மாதம் 30,000, உங்கள் 18 வருடத்துக்கு 540,000 ரூபா. நடைக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் என்றால் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நீங்களாக விலகினாலும், அவர் நிறுத்தினாலும், இந்தக் காசு வரவேண்டியதுதான். கண்ணில் புரை வந்ததால் பணிக்கொடையை மறுக்க எந்தப் பிரிவும் இல்லை. அவரிடம் 15 பேர் இல்லையென்றாலும் கதவு மூடவில்லை, பணிக்கொடை கேட்டுத் தொழில் நியாயசபைக்குப் போகலாம்.

ஆனால் வேலையை விட்டுத்தான் ஆகவேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். அவரிடம் பட்டா இருக்கிறது. நீங்கள் ஓடக்கூடிய வாகனம். நகருக்குள் கடைகளுக்குப் பகலில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற ஓட்டத்துக்கு, 18 வருடம் பழகிய, நம்பிக்கையான ஆள் கிடைப்பது அவருக்கும் லாபம். அதைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். கோபத்தில் “நானே விலகுகிறேன்” என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், வெற்றுத் தாளில் கையெழுத்து என்ற பேச்சே வேண்டாம். விலகினீர்கள் என்றால் பணிக்கொடை வரும், ஆனால் நியாயமில்லாமல் நிறுத்தினார் என்ற வழக்கு போய்விடும். அவர் நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபையில் விண்ணப்பிக்க வேண்டும். 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடமென்றால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ அவருக்குத் தேவை.

சேமலாப நிதியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, அவர் 12 வீதம் போட்டு மாதாமாதம் கட்டியிருக்க வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு அவர் தன் கையால் இன்னும் 3 வீதம். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் இது கட்டாயம், நடைக்காசுக்கும் கட்டாயம். உறுப்பினர் இலக்கம் உங்களிடம் இல்லையென்றால் இந்த வாரமே யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். லொறி ஓட ஏலாததால் அந்தக் காசை இப்போதே எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆண்களுக்கு வழமையான வயது 55. உடல்நிலையைக் காரணம் காட்டி அதற்கு முன் முழுதாக எடுப்பதென்றால் நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என்ற நிலை வேண்டும். நீங்கள் அப்படி இல்லை, பட்டா ஓடக்கூடியவர். இரண்டு வருடம் பொறுத்தால் முழுதாகக் கிடைக்கும்.

மகன் சொன்னது அவனுடைய ஊருக்குச் சரி. ஒன்ராறியோவில் கார் லைசன்ஸ் ஜி, 11,000 கிலோவைத் தாண்டிய ட்ரக்குக்கு டி, பெரிய ட்ரெயிலருக்கு ஏ. தொழில்முறைச் சாரதிகள் 46 வயது வரை ஐந்து வருடத்துக்கொரு தடவையும், 46இலிருந்து 64 வரை மூன்று வருடத்துக்கொரு தடவையும், 65க்குப் பிறகு வருடாவருடமும் மருத்துவ அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ட்ரக் வகுப்பை எடுத்துவிட்டு ஜிக்கு இறக்கிவிடுவார்கள். அங்கே அதை யாரும் மானப்பிரச்சினையாக எடுப்பதில்லை என்பதில் மகன் சொல்வது முழு உண்மை, அந்த அளவுக்கு நீங்களும் அவன் பேச்சைக் கேட்கலாம். ஆனால் திரும்ப ஏற்றும் விதிகள் இங்கே வேறு. அவனுடைய ஊர்க் கணக்கை வைத்து இங்கே நாள் பார்க்க வேண்டாம். அவனுக்கும் தகப்பன் வழியில் சீனி வரக்கூடும். அடுத்த மருத்துவ அறிக்கைத் திகதியைத் தவறவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலாளிக்குக் கொடுக்கிற கடிதத்தை நீட்டி எழுதவேண்டாம். இன்ன திகதியில் மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன், கனரக வாகனம் ஓட இப்போதைக்குத் தகுதியில்லை என்றும் இலகுரகத்துக்குத் தகுதி என்றும் சொல்லப்பட்டது, சிகிச்சை பெறுகிறேன், அதுவரை 3,500 கிலோவுக்கு உட்பட்ட வாகனத்தில் வேலை தரும்படி கேட்கிறேன், என் சேவை தொடர்கிறது. இவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் அவரிடம் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் கொப்பிக்குள் வையுங்கள். 18 வருடத்து நடைக் கணக்குக் கொப்பிகள், வங்கியில் சம்பளம் விழுந்த பக்கங்கள், வழியில் மறித்து எழுதிய பொலிஸ் துண்டுகள் ஏதும் வீட்டில் கிடந்தால் ஒன்றையும் எறிய வேண்டாம். சம்பளச் சிட்டை தராத முதலாளியிடம் நீங்கள் வேலை செய்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. அவற்றோடு கடிதத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே முறைப்பாடு கொடுக்கச் சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே கொடுக்கலாம்.